வங்கிச் சில்லறைப் பாக்கெட்டில் நாணயம் தேடுவது: வடசென்னையில் யாராவது செய்கிறீர்களா?

கல்மண்டபம் கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் சிலர் வங்கியிலிருந்து நாணயச் சுருள்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, பிரித்துப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை மறுபடி வங்கியிலேயே கட்டிவிடுகிறார்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்த வீடியோக்கள்தான் எனக்குத் துணை. அரை டாலர் சுருளில் ஒரு வெள்ளிக் காசு விழுந்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளி.

இது இங்கே நடக்குமா? நான் ராயபுரம் பக்கம். நம் ஏரியா வங்கிகளில் கேட்டால் கொடுப்பார்களா, என்ன சொல்லிக் கேட்க வேண்டும், எந்த மதிப்பில் தேடுவது? லென்ஸ் மட்டும் வாங்கியாயிற்று.

மின்ட் தெரு முரளி

முதலில் வெள்ளியை மறந்துவிடு தம்பி. அவர்களுடைய அரை டாலரில் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி, அதற்கப்புறம் 1970 வரை 40 சதவீதம். அங்கேயே கடைகளில் அரை டாலர் அதிகம் புழங்காது. அதனால் யாரோ ஒரு தாத்தாவின் சேமிப்பு அப்படியே வங்கிக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. நம் ரூபாயில் 1940-லேயே வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள், 1947-ல் ரூபாய் சுத்த நிக்கல். அதற்கு முந்தைய மன்னர் தலைக் காசெல்லாம் எப்போதோ சௌகார்பேட்டை உலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வங்கிப் பாக்கெட்டில் அது வரும் என்று உட்கார்ந்தால் கண்தான் கெடும்.

இங்கே தேடுகிற சமாசாரமே வேறு. செம்பும் நிக்கலும் கலந்த பழைய கப்ரோ நிக்கல் காசு, நினைவு நாணயம், எங்கே அடித்த காசு என்று காட்டுகிற நாணயச்சாலைக் குறி, அப்புறம் அச்சுப் பிழை. இதில் எதற்கு உனக்கு ஆசை என்று முடிவு செய்துகொள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடினால் எதுவும் கண்ணில் படாது.

ஓய்வுபெற்ற கேஷியர்

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து சில்லறை எண்ணியவன் என்கிற முறையில் சொல்கிறேன். தாளில் சுற்றிய சுருள் நம் வங்கிகளில் வழக்கமில்லை. இங்கே பாலித்தீன் பாக்கெட்தான், ஒன்றில் 100 காசு. பொதுமக்கள் நாணயம் கட்ட வரும்போது 100 வீதம் பாலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்தால் இரு தரப்புக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

வங்கியில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று நாணயச்சாலையிலிருந்து ரிசர்வ் வங்கி வழியாக வரும் புது மூட்டை. அதைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே ஆண்டு, ஒரே குறி. பளபளவென்று இருக்கும். ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம், தேடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது, வாடிக்கையாளர்கள் கட்டியது. கோயில் உண்டியல், கடை, வண்டிக்காரர் என்று பல கை பட்டு வந்த காசு. உங்களுக்கு வேண்டியது அதுதான். கவுண்டரில் போய் "சில்லறை வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் புது மூட்டையைத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். "கஸ்டமர் கட்டின பழைய சில்லறை இருந்தால் கொடுங்கள் சார்" என்று கேளுங்கள்.

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நாணயத்தை மக்களிடம் விநியோகிக்க வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை தருகிறது. மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்ததை 2021 செப்டம்பரிலிருந்து 65 ரூபாய் ஆக்கினார்கள். நீங்கள் வாங்கினால் அவர்கள் பெட்டகத்தில் இடமும் காலியாகும். மாத முதல் வாரத்தில் மட்டும் போகாதீர்கள், பென்ஷன் கூட்டம் இருக்கும். கணக்கு வைத்திருக்கிற கிளைக்கே போவது நல்லது.

கல்மண்டபம் கார்த்தி

ரொம்ப நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே ஒரு கிளையில் போய்க் கேட்டேன். "எதுக்கு?" என்றார். கடைக்கு என்று சொல்ல மனம் வரவில்லை, நாணயம் சேர்ப்பவன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு "சில்லறையே இல்லை" என்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் மூட்டை சாய்ந்து நிற்கிறது!

பெரம்பூர் செல்வி

கார்த்தி தம்பி, அந்தக் கேஷியர் ஊர்க் கதையெல்லாம் கேட்டு அலுத்திருப்பார், விடு. வங்கிக்கு அடுத்தபடியாகக் கடைகளுக்குப் போ. வங்கிக்கு முன்னாலேயே போ என்றுகூடச் சொல்வேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் சில்லறைக்கு நாய் படாத பாடு. ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்துச் சமாளித்தோம். இப்போது எல்லோரும் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள், நாணயமாக வந்ததெல்லாம் கல்லாவிலும் டப்பாவிலும் தேங்கிக் கிடக்கிறது. டீக்கடை, மாவு மில், மருந்துக்கடை எங்கே போய்க் கேட்டாலும் நோட்டாகக் கொடுத்தால் சந்தோஷமாக டப்பாவோடு கவிழ்த்துக் கொடுப்பார்கள். வங்கிப் பாக்கெட்டை யாரோ ஒருவர் எண்ணிக் கட்டியிருப்பார், எண்ணும்போதே நல்லதை எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மாவு மில்காரரின் ஹார்லிக்ஸ் பாட்டிலை இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சேகரிப்பில் பாதி அப்படி வந்ததுதான். நான் தேடுவது நம் ஊர் சம்பந்தப்பட்டதை மட்டும். 1995-ல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாய் மூன்றிலும் வெளியிட்டார்கள். மூன்றையும் புழக்கத்திலேயே சேர்த்தேன், ஒன்று கூடக் கடையில் வாங்கவில்லை. காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய், அந்தக் காலத்துக் கனமான ரகம். 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கும், லென்ஸில் பார். 2010-ல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு, அதே வருஷம் சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு. இரண்டும் மஞ்சள் 5 ரூபாய்.

ராயபுரத்துக்காரனான நீ முதலில் எடுக்க வேண்டியது 2 ரூபாயில் இருக்கிறது. ரயில்வே 150 ஆண்டு, 2003. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயில் கார்டாக ஒரு யானை நிற்கும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதே உன் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்துதானே!

காசிமேட்டுக்காரன்

செல்வி அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஒரு படி மேலே போய் மீன் மார்க்கெட்டில் மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏலம் முடிந்து சில்லறை வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் போகக் கூடாது, திட்டு விழும். வெயில் ஏறி கூடை காலியானதும் போய் உட்கார்ந்தால் ஆயாக்களே சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டுவார்கள். காசெல்லாம் ஈரமாக இருக்கும், செதில் ஒட்டியிருக்கும், நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. வீட்டில் என் பையை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு மஞ்சள் 5 ரூபாயெல்லாம் பச்சை படர்ந்து கிடக்கும். ஆனால் வகைக்குப் பஞ்சமே இல்லை.

வேகமாகப் பிரிக்க ஒரு வழி: பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். 1 ரூபாய்க் குவியலைத் தட்டில் பரப்பி மேலே காந்தத்தை ஓட்டினால் 1992-க்கு அப்புறம் வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் குப்பென்று ஏறிவிடும். தட்டிலேயே தங்குவதுதான் பழைய கப்ரோ நிக்கல். 6 கிராம், கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். நேரு நூற்றாண்டு 1989, அம்பேத்கர் நூற்றாண்டு 1990 எல்லாம் அப்படித்தான் பிடித்தேன்.

2 ரூபாய்க்குக் காந்தம் தேவையில்லை, 11 மூலை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 5 ரூபாயில் தலைகீழ்: ஒட்டுகிறதுதான் கொஞ்ச காலமே வந்த ஸ்டீல், 2007 வாக்கில் வந்தது. ஒட்டாததில் வெள்ளை நிறமாக இருந்தால் பழைய கனமானது, மஞ்சளாக இருந்தால் 2009-க்கு அப்புறம் வந்த நிக்கல் பித்தளை.

எதிர்க்கட்சி

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழு நாள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் காசைப் புரட்டி எடுத்த அந்த 2 ரூபாய் யானையை, கடையில் கேட்டால் ஒரு டீ விலைக்குக் கொடுப்பார்கள். முதுகுவலிக்குத் தைலம் வாங்குகிற காசுக்கு ஆல்பமே நிரப்பலாம். எதற்கு இந்த வேலை?

மின்ட் தெரு முரளி

காசிமேட்டில் மீன் விலைக்கு விற்கிறது, அப்புறம் எதற்கு ஆட்கள் தூண்டிலோடு துறைமுகச் சுவரில் உட்காருகிறார்கள்?

எதிர்க்கட்சி

அவர்கள் மீன் பிடித்துப் பணக்காரர் ஆவேன் என்று சொல்வதில்லையே. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நினைப்போடுதான் வருகிறார்கள். "வைஷ்ணவி தேவி 5 ரூபாய் இருந்தால் 10 லட்சம்" என்று பார்வர்ட் வராத குடும்பக் குழு உண்டா? எனக்குத் தெரிந்த ஒருவர் "பதிவுக் கட்டணம்", "ஜி.எஸ்.டி." என்று கட்டிக்கொண்டே போனார். நாணயமும் போகவில்லை, பணமும் வரவில்லை.

ஓய்வுபெற்ற கேஷியர்

இதில் எதிர்க்கட்சி சொல்வது சரி. பழைய நோட்டு, நாணயம் வாங்குவதிலோ விற்பதிலோ தனக்குச் சம்பந்தமே இல்லை, தன் பெயரில் கமிஷன் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளிப்படையாக எச்சரித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்கிற வாங்குபவர் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

அந்த வைஷ்ணவி தேவி நாணயமும் லட்சக்கணக்கில் புழக்கத்துக்கு வந்ததுதான்.

கல்மண்டபம் கார்த்தி

பணக்காரன் ஆகிற ஆசை இல்லை அண்ணே. தேடுகிற சுகம்தான். சரி, நாணயச்சாலைக் குறியை யாராவது எளிதாகச் சொல்லுங்களேன். பார்க்கிற ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது.

மின்ட் தெரு முரளி

ஆண்டுக்குக் கீழே பார். சாய்சதுரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். உருண்டைப் புள்ளி நொய்டா, அது 1988-க்கு அப்புறம் வந்ததில் மட்டும். எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. தேய்ந்த காசில் சாய்சதுரமும் புள்ளியும் ஒன்று போலத் தெரிந்து ஏமாற்றும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் முனை தெரியும். ஹைதராபாத்தில் பழைய காலத்தில் வேறு குறிகளும் இருந்தன, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சுவாரசியம் வெளிநாட்டுக் குறியில் இருக்கிறது. நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் வெளியூர் நாணயச்சாலையில் அடித்து இறக்கினார்கள். 1985 ஆம் ஆண்டு 1 ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில எச் எழுத்து இருந்தால் அது பர்மிங்காம் ஹீட்டன். தொண்ணூறுகளின் கடைசியிலும் இப்படி நடந்தது. ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சாவில் அடித்த 1 ரூபாயில் எம்.கே. என்று பொடியாக இருக்கும். மாஸ்கோவுக்கு எம்.எம்.டி., அது 5 ரூபாயில் வரும். உன் மாவு மில் பாட்டிலில் ஸ்லோவாக்கியா கிடைக்கும் என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள், எடுத்துக் காட்டு.

கம்பெனி காலத்தில் நம் தங்கசாலையிலேயே, அதாவது மின்ட் தெருவிலேயே காசு அடித்தார்கள். இன்றைக்கு நான்கு நாணயச்சாலையில் சென்னை இல்லை. அந்தத் தெருவில் இருந்துகொண்டு நொய்டா புள்ளியைத் தேடுகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

பெரம்பூர் செல்வி

முரளி அண்ணே, 10 ரூபாயை விட்டுவிட்டீர்களே!

மின்ட் தெரு முரளி

விடுவேனா. வங்கிக்குப் போவதே பிரயோஜனம் என்றால் அது 10 ரூபாய்க்காகத்தான் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் 10 ரூபாய் நாணயத்தை எப்படி விரட்டினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். "செல்லாது" என்று எவனோ கிளப்பிவிட்டான். டீக்கடை வாங்காது, கண்டக்டர் வாங்க மாட்டார், காய்கறிக்காரம்மா கையைத் தட்டிவிடுவார். அதுவரை வெளியிட்ட 14 வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. சந்தேகம் இருந்தால் 14440-க்குப் போன் செய்யச் சொன்னது. அப்படியும் நம் ஆட்கள் மசியவில்லை. விளைவு என்ன? காசெல்லாம் கைமாறாமல் வங்கிக்கே திரும்பி, பாக்கெட்டிலேயே கிடந்தது. தேயவில்லை. மற்ற மாநிலக்காரன் கையில் உருண்டு கறுத்துப்போன காசு, இங்கே பாக்கெட்டில் புதுக் கருக்கு அழியாமல் கிடைக்கிறது. செல்லாது என்று சொன்ன புண்ணியவானுக்குச் சேகரிப்பாளர்கள் மாலை போட வேண்டும்.

நாடாளுமன்றம் 60 ஆண்டு, கயிறு வாரியம் 60 ஆண்டு, ஹோமி பாபா நூற்றாண்டு, 2015 யோகா தினம் எல்லாமே ஒரே பாக்கெட்டில் கலந்து வரும். 2011-க்கு முன்னால் ரூபாய்க் குறியீடு இல்லாதது, பின்னால் குறியீடு உள்ளது என்றும் பிரிக்கலாம். முதல் வடிவத்தில் ஆண்டு 2005 என்று இருக்கும், ஆனால் மக்கள் கைக்கு வந்தது 2009-ல். அந்த 2005 ஐ நல்ல நிலையில் பார்த்தால் விடாதே.

எதிர்க்கட்சி

இது நியாயமான பேச்சு. 10 ரூபாய் பாக்கெட் ஒன்று 1000 ரூபாய் ஆயிற்றே. தேடி முடித்த பிறகு அதை எங்கே தள்ளுவது? யாரும் வாங்க மாட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர்

நல்ல கேள்வி, அமெரிக்க வீடியோவில் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். சட்டத்தில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2011 நாணயச் சட்டப்படி 1 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் 1000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லத்தக்க பணம். 50 காசு என்றால் 10 ரூபாய் வரைக்கும். அதாவது நீங்கள் 5000 ரூபாய் வாடகையை முழுக்க நாணயமாகக் கொடுத்தால் வீட்டுக்காரர் மறுக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கில் கட்ட உச்சவரம்பு எதுவும் இல்லை. வங்கி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

நடைமுறையில் வாங்கிய கவுண்டரிலேயே மறுநாள் திருப்பிக் கட்டாதீர்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால் மூன்றாவது முறை உங்கள் முகத்தைப் பார்த்ததும் "சில்லறை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காசிமேட்டுக்காரன்

வங்கியில் எதற்குத் திருப்பிக் கட்ட வேண்டும்? 1, 2, 5 ரூபாயை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் கொடுங்கள். விடியற்காலையில் முதல் சவாரிக்குச் சில்லறை இல்லாமல் அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே! நான் நூறு நூறாகக் கட்டிக்கொண்டு போவேன், நோட்டு கைமேல். மார்க்கெட்டில் வாங்கிய குவியலைக் கழுவி இங்கே தள்ளிவிடுவேன், இங்கே கிடைக்கிற நோட்டோடு மறுபடி மார்க்கெட். இரண்டு பக்கமும் என்னைத் தேடுகிறார்கள். 10 ரூபாயும் இப்போது முன்பு மாதிரி இல்லை, ஓரளவு வாங்குகிறார்கள்.

கழுவுவது என்றதும் ஞாபகம் வருகிறது. தள்ளிவிடுகிற காசைத்தான் கழுவலாம். எடுத்து வைக்கிற காசைத் தொடாதே கார்த்தி. புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். ரொம்ப அழுக்கென்றால் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை விஷயம் தெரிந்தவன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான்.

பெரம்பூர் செல்வி

கடல் காற்று வீசுகிற ஏரியா, அதையும் சொல்லுங்கள். மலிவான பி.வி.சி. உறையில் போட்டு வைத்தால் நாளடைவில் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். அட்டைச் சட்டம், நடுவில் தெளிவான மைலார் தாள் உள்ளது வாங்கு. டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடு, செருப்பு டப்பாவில் வருவதே போதும்.

கல்மண்டபம் கார்த்தி

குறித்துக்கொண்டேன் அக்கா. மூன்று விஷயம் நடந்தது. அந்தக் கிளைக்கு மறுபடி போகாமல் என் கணக்கு இருக்கிற கிளையில் கேட்டேன், 10 ரூபாய் ஒரு பாக்கெட் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். கயிறு வாரியமும் நாடாளுமன்றமும் கிடைத்தன. எங்கள் தெரு டீக்கடையில் மாற்றிய 2 ரூபாயில் யானை கார்டு வந்துவிட்டார்! அப்புறம் ஒரு சந்தேகம். ஒரு 5 ரூபாயில் சிங்க முகத்தை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கத்தில் 5 என்பது சாய்ந்து நிற்கிறது. இது பிழைக் காசா?

மின்ட் தெரு முரளி

எவ்வளவு சாய்வு என்பதைப் பொறுத்தது. நம் காசு இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்வது சகஜம், அதற்கு யாரும் தனி விலை தர மாட்டார்கள். கடிகாரத்தில் 3 மணி அளவுக்கோ முழுக்கத் தலைகீழாகவோ திரும்பியிருந்தால் எடுத்து வை. அச்சு கழன்று சுழன்றதால் வருவது, கையால் செய்ய முடியாத பிழை என்பதால் நம்பலாம்.

கையால் செய்கிற பிழைகள்தான் ஆபத்து. 10 ரூபாயில் நடு வட்டத்தைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் பொருத்தி "அபூர்வம்" என்று விற்பார்கள். சேரும் இடத்தில் லென்ஸை வைத்தால் சுரண்டல் தெரியும். விளிம்பை அரம் வைத்து ராவிவிட்டு "வெட்டுப்பட்ட தகடு" என்பார்கள். பழைய கனமான 5 ரூபாயை எடுத்தால் விளிம்பைத் திருப்பிப் பார். நடுவில் ஓடுகிற பள்ளமும் அதற்குள் உள்ள பொடி வேலைப்பாடும் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். பள்ளம் மழுங்கியோ இல்லாமலோ எடை குறைந்தோ இருந்தால் போலியாக இருக்கலாம். அந்த 5 ரூபாயில் போலி நிறையவே புழங்கியது.

எதிர்க்கட்சி

அந்தக் கனமான 5 ரூபாயை ஏன் நிறுத்தினார்கள்? உருக்கினால் 5 ரூபாய்க்கு மேல் தேறும் என்று சொல்வார்களே.

ஓய்வுபெற்ற கேஷியர்

9 கிராம், முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். இன்றைய உலோக விலையில் முகமதிப்பைத் தாண்டும் என்பது உண்மை. அதற்காக யாரும் அந்த ஆசையில் இறங்க வேண்டாம். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் அதே 2011 சட்டப்படி குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. எடுத்து ஆல்பத்தில் வையுங்கள், அதற்குத் தடையில்லை.

காசிமேட்டுக்காரன்

கார்த்தி, ஞாயிறு பத்து மணிக்கு மேல் மார்க்கெட் வாசலுக்கு வா. 500 ரூபாய் நோட்டு கொண்டுவராதே, நூறும் ஐம்பதுமாக எடுத்து வா. பழைய சட்டை போட்டுக்கொள்.

கல்மண்டபம் கார்த்தி

வருகிறேன் அண்ணே. காந்தம் நான் கொண்டுவரவா?

காசிமேட்டுக்காரன்

வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு ஒன்று எடுத்து வா.